ஈரச்சுதையில் வெள்ளை: முதல் பலகை தீட்டப் போகிறவர்களுக்கு

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து, தாங்களும் சுவரில் படம் எழுதிப் பழக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வெள்ளையை வாங்க வேண்டும் என்பதைத்தான். சிவப்பையும் மஞ்சளையும் பற்றி அவர்களுக்கு அவ்வளவு ஐயம் இருப்பதில்லை. காவி என்றால் காவிதான் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை மட்டும், கடையில் குழாயில் அடைத்து விற்கும் ஒரு பொருளாகவே அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. ஈரச்சுதை ஓவியத்தில், அதாவது ஃப்ரெஸ்கோ என்று அழைக்கப்படும் முறையில், வெள்ளை அப்படி வெளியிலிருந்து வந்து சேரும் நிறம் அன்று. சுவரில் பூசும் சுண்ணாம்பே வெள்ளை. மற்ற நிறங்களைச் சுவரோடு பிணைத்து வைப்பதும் அதே சுண்ணாம்புதான். ஆகவே இந்தக் கட்டுரையில் வெள்ளையிலிருந்தே தொடங்கி, ஒரு சிறிய பலகையில் நிறத்தைப் படிப்படியாகக் கட்டுவது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட வேண்டும். பத்மநாபபுரத்து உப்பிரிகை மாளிகையின் மேல்தளத்திலும், மட்டாஞ்சேரி அரண்மனையிலும் உள்ள கேரளச் சுவர்ச்சித்திரங்கள் காய்ந்த சுவரில் எழுதப்பட்டவை. அங்கே சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சின்மேல், இளநீர் கலந்த சுண்ணாம்பை இருபத்தைந்து முப்பது முறை மெல்லிதாகப் பூசி, பளிங்கு போன்ற வெண்தளம் ஒன்றை உண்டாக்கி, அது உலர்ந்த பிறகு வேப்பம் பிசின் சேர்த்த நிறங்களால் எழுதுவார்கள். ஈரச்சுதையிலோ பிசின் கிடையாது. வெறும் தண்ணீரில் அரைத்த நிறத்தை, பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே வைக்கிறோம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது. தண்ணீர் விட்டு நீற்றியபின் சுவரில் பூசிய சுண்ணாம்பு, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. அப்படிக் கல்லாகும்போது, மேற்பரப்பில் கிடக்கும் நிறத்துகள்களையும் தன் படிகத்துக்குள் பூட்டிக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களை ஆராய்ந்த வேதியியலர் எஸ். பரமசிவன், அவை இந்த ஈரச்சுதை முறையில் தீட்டப்பட்டவை என்று முடிவு செய்தார்.

முறைகள் வேறானாலும், கேரளச் சித்திரக்காரர்களிடமிருந்து நாம் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அவர்களுடைய ஐந்து வண்ணங்களில் வெள்ளையும் ஒன்று; ஆனால் அந்த வெள்ளையை அவர்கள் பூசுவதில்லை, விட்டுவைக்கிறார்கள். கண்ணின் வெண்விழி, முத்துமாலை, ஆடையின் ஒளிபட்ட மடிப்பு எல்லாம் சுவரின் சொந்த வெள்ளை. எழுதத் தொடங்கும்போதே எது வெள்ளையாக நிற்கப் போகிறது என்பதை அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். ஈரச்சுதையிலும் வெள்ளையைப் பற்றிய முடிவு முதலில் எடுக்கப்பட வேண்டியதே. கடைசியில் மினுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பலகை கெட்டுப்போகும்.

ஈரத்தில் மறையும் வெள்ளை

மார்கழி விடியலில் அம்மா வாசலில் இழைக்கோலம் போட்டதை நினைத்துப் பாருங்கள். அரிசிமாவுக் கரைசலில் விரலை நனைத்து இழுக்கும்போது, கோடு அரைகுறையாகத்தான் தெரியும். தரை காயக் காய, அது வெளுத்து எழும்பி வரும். சுண்ணாம்பு வெள்ளையும் அப்படியே நடந்துகொள்ளும். தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது ஒளி அதன் துகள்களுக்குள் ஏறக்குறைய வளையாமல் புகுந்து போய்விடுவதால் அது பாதி கண்ணாடிபோல் இருக்கும். தண்ணீர் போய்க் காற்று நிரம்பியதும் ஒளி சிதறி வெண்மை தோன்றும். எனவே சுண்ணாம்பு வெள்ளை கலந்த எந்த நிறமும், வைக்கும்போது இருந்ததைவிடக் காய்ந்தபின் பல படி வெளுக்கும். செங்காவி தனியாக இருந்தால் சிறிதளவே வெளுக்கும். அதனோடு பாதிக்குப் பாதி வெள்ளை சேர்த்தால், ஈரத்தில் செங்கல் நிறமாகத் தெரிந்தது காய்ந்தபின் இளஞ்சிவப்பாக நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். வெள்ளை போதவில்லை என்று கண் சொல்லும். மேலும் மேலும் வைப்பார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், படம் முழுவதும் மாவு தூவியதுபோல் இருக்கும்.

இதற்கு இத்தாலிய ஓவியர்கள் கண்ட வழி எளிமையானது. தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும், அம்பர் (umber) என்ற பழுப்பு மண்கட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலந்த நிறத்தில் ஒரு சொட்டை அதன்மேல் தடவி, காய்ந்த நிறத்தை நொடியில் பார்த்துவிடுவார்கள். அந்தக் கட்டிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடக்கும் சுடுமண் ஓட்டுத் துண்டில் மெல்லிதாகச் சுண்ணாம்பு அடித்து, நன்றாக வெயிலில் காய வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் இந்த ஓட்டில் தடவிப் பார்த்த பிறகே பலகைக்குக் கொண்டு போக வேண்டும். என்னிடம் பழகுகிறவர்களுக்கு நான் விதிக்கும் கட்டாயம் இந்த ஒன்றுதான்.

எந்த வெள்ளை, எது ஆகாது

ஈய வெள்ளையைத் தொடவே கூடாது. அது நஞ்சு என்பது ஒரு காரணம். பிசினோ எண்ணெயோ இல்லாமல் சுவரில் வைத்தால் காலப்போக்கில் கறுத்துவிடும் என்பது இன்னொன்று. இத்தாலியின் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பெருங்கோயிலில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமாபுவே தீட்டிய சிலுவைக் காட்சியில், ஒளிபட்ட முகங்களெல்லாம் கறுத்து, பழைய புகைப்படச் சுருளின் நெகட்டிவ் போல இன்று தலைகீழாகத் தெரிவதற்கு அந்த ஈய வெள்ளையே காரணம். அவ்வளவு பெரிய கலைஞரின் கைவேலை அப்படி ஆகிப்போனதைப் படத்தில் பார்க்கும்போதும் எனக்கு மனம் கனத்துவிடும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒயிட் சிமென்ட், சுவர்ப் பட்டி, டிஸ்டெம்பர் ஆகிய எதையும் வெள்ளை நிறமாகக் கலக்க வேண்டாம். டைட்டானியம் வெள்ளை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், கெட்டுப்போகாது. எனினும் நான் அதைத் தொடக்கத்தில் பரிந்துரைப்பதில்லை. ஈரத்திலும் காய்ந்தபின்னும் அது ஒரே மாதிரி அடர்ந்து மறைப்பதால், பக்கத்து நிறங்கள் வெளுத்துக்கொண்டே வரும்போது அது மட்டும் அசையாமல் நின்று, காய்ந்த படத்தில் ஒட்டவைத்த காகிதத் துண்டுபோல் குளிர்ந்து தெரியும். சுண்ணாம்பு வெள்ளைக்கு உரிய உள்ளொளியும் அதில் இல்லை.

ஆக, மிஞ்சுவது சுண்ணாம்பு வெள்ளை. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டுவாக்கில் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, இதைப் புனித யோவான் வெள்ளை என்ற பெயரில் விவரித்து, இது இல்லாமல் ஈரச்சுவரில் உடல் நிறத்தையோ மற்றக் கலவைகளையோ கொண்டுவர முடியாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன செய்முறையை நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே செய்யலாம்.

வெள்ளை வில்லை செய்தல்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய திருவனந்தபுரம் பகுதியிலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. வெற்றிலைக்கு நூறு, அதாவது சுண்ணாம்பு, விற்கும் கடைக்காரரிடம் விசாரித்தாலே வழி தெரிந்துவிடும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்ற முயல வேண்டாம். அது கொதித்துத் தெறிக்கும். நீற்றிய சுண்ணாம்பையே வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு, மேலே நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி விட்டு, குறைந்தது மூன்று மாதம் ஊற வையுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பைக் கட்டட வேலையில் பயன்படுத்தக்கூடாது என்று பழைய ரோமில் விதி இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறித்திருக்கிறார்; ஊற ஊற அது வெண்ணெய்போல் குழைந்து வரும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

வாங்கியது சுண்ணாம்புதானா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் நான் வாங்கிய மூட்டையில் வேறு ஏதோ வெள்ளைப் பொடி கலந்திருந்தது. அதை அறியாமல் பூசிய இரண்டு பலகைகளும் ஒரு மணி நேரத்துக்குள் இறுகி, நிறத்தை ஏற்காமல் போயின. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் குழைத்து, தண்ணீருக்கடியிலேயே ஓர் இரவு வைத்துவிடுங்கள். நல்ல சுண்ணாம்பு காலையிலும் குழைவாகவே இருக்கும். கட்டியாக இறுகியிருந்தால் அதில் ஜிப்சமோ சிமென்டோ இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள்.

இனி வில்லை. ஊறிய சுண்ணாம்பில் இரண்டு கையளவு எடுத்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, மல் துணியில் வடிகட்டுங்கள். அடியில் படிந்தபின் மேல்தண்ணீரை மறுநாள் காலையில் இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இப்படி எட்டு நாள் செய்ய வேண்டும். தினமும் தண்ணீர் மாற்றுவதால் சுண்ணாம்பின் காட்டம் சற்றுத் தணிகிறது. எட்டாம் நாள் தண்ணீரை முழுவதும் வடித்து, கெட்டியான விழுதைத் தட்டை வடையளவு வில்லைகளாகத் தட்டி, பலகையின்மேல் துணி விரித்து வெயிலில் காய வையுங்கள். மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்றவை. எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்வதால், ஆனியிலோ ஐப்பசியிலோ தொடங்கினால் வில்லை காயாமல் மண்டிப்போகும். காய்ந்த வில்லையைக் கல்வத்திலிட்டுத் தண்ணீர் தெளித்து அரைத்து, மீண்டும் வில்லையாக்கிக் காய வைத்தால் வெண்மை கூடும். இரண்டு முறை செய்தால் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு, பக்கெட்டிலுள்ள சுண்ணாம்பையே வெள்ளையாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். பச்சைச் சுண்ணாம்பு விழுதுக்கு உடம்பு இல்லை. ஈரத்தில் ஊடுருவித் தெரிவதோடு, காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். வில்லையாகக் காயும்போது அதில் ஒரு பகுதி கல்லாகி நுண்ணிய வெள்ளைத் துகளாகிறது. மறு பகுதி சுண்ணாம்பாகவே எஞ்சிப் பிணைப்பைத் தருகிறது. மூடுந்தன்மையும் ஒட்டுந்தன்மையும் ஒரே வில்லையில் கிடைப்பதற்காகத்தான் அந்த எட்டு நாள் காத்திருப்பு.

சுண்ணாம்பு கடுங்காரம் என்பதை எந்தக் கட்டத்திலும் மறக்கக்கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சரியாகிவிடும் என்று காத்திருக்கக்கூடாது.

பலகையும் சாந்தும்

முதல் முயற்சியை வீட்டுச் சுவரில் செய்ய வேண்டாம். ஓரடிச் சதுரமான, மெருகு பூசாத சுடுமண் தரை ஓடு ஒன்று போதும். அதை ஓரிரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, முதுகுப்புறத்துச் சொரசொரப்பின்மேல் முதல் பூச்சைப் பூசுங்கள்: சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, பருமணல் மூன்று பங்கு, கனம் அரைவிரல். ஈரம் இறங்கும்போது கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் விடுங்கள். மேற்பூச்சு பற்றிக்கொள்ள அந்தக் கீறல் வேண்டும்.

மணலைப் பற்றி ஒரு சொல். நம் ஊர் கடற்கரை ஊர் என்பதால், கைக்கெட்டும் மணலை அள்ளிவந்துவிடத் தோன்றும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் உப்பு எஞ்சியிருந்து, மழைக்காலத்தில் நிறத்தின்மேல் வெண்ணிறமாகப் பூக்கும். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரும் அவ்வாறே. கிடைத்தால் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஆற்று மணல் கிடைக்காவிட்டால், பாறைமணலைத் தூசி போகும்வரை கழுவிச் சலித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சாம்பல் நிறம் வெள்ளையைச் சற்று மங்கச் செய்யும். மேற்பூச்சில் பாதி மணலுக்குப் பதிலாகப் பளிங்குப் பொடியைச் சேர்த்தால், அந்தக் குறை தீர்ந்துவிடும்.

மேற்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகச் சலித்த மணலும் பளிங்குப் பொடியுமாக இரண்டு பங்கு. தீட்டும் நாள் காலையில், பழைய பூச்சை நன்றாக நனைத்துவிட்டு, நான்கைந்து மில்லிமீட்டர் கனத்துக்கு இதைப் பூசி, மணியாசுக் கட்டையால் (கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) வட்டமாகத் தேய்த்துச் சமன்படுத்துங்கள். கரண்டியால் அதிகம் அழுத்தி மினுக்க வேண்டாம். மேலே சுண்ணாம்புப் பால் திரண்டு மூடிக்கொண்டால் சாந்து நிறத்தை உறிஞ்சாது.

நிறக்கிண்ணங்கள்

முதல் பலகைக்கு ஒரு சீப்பிலிருந்து பிய்த்த இரண்டு செவ்வாழைப் பழங்களைத் தீட்டச் சொல்வது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் செந்துளுவன் என்பார்கள். உருண்டு வளையும் உடம்பு, ஒரே நிறக் குடும்பம், முதுகில் நீளமாக ஓடும் ஒளி என்று நிறம் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே அதில் உண்டு. செங்காவி, மஞ்சட்காவி, கரி, வெள்ளை என்ற நான்கே பொருளில் வேலை முடிந்துவிடும்.

காவிக்கல்லை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கல்வத்தில் இடித்து, வஸ்திரகாயம் செய்து, அதாவது துணியில் சலித்து, தண்ணீரில் ஓரிரவு ஊற வைத்து, மறுநாள் அம்மியில் மையாக அரைத்துக்கொள்ளுங்கள். பொடியாக விற்கும் காவியில் சாயம் கலந்திருக்கலாம். உறிஞ்சுதாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: மண்நிறம் நடுவிலேயே தங்கி, தெளிந்த நீர் மட்டும் பரவினால் நல்லது, நிறமே வளையமாகப் பரவினால் அது சாயம், சுண்ணாம்பில் நிற்காது. சொட்டு நீலமும் இதே காரணத்தால் ஆகாது. கரித்தூள் தண்ணீரில் மிதக்கும் என்பதால், இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு முதலில் குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும்.

நிறங்களைத் தீட்டும் நாளில் அல்ல, முந்தின நாளே கலந்து முடித்துவிட வேண்டும். வெள்ளையை மேலே வைத்து ஒளியைக் கொண்டுவருவது ஈரச்சுதையின் வழி அன்று. வெள்ளை ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே உள்ளே கலந்திருக்க வேண்டும். இத்தாலியப் பட்டறைகளில் ஒரு நிறத்துக்கு மூன்று கிண்ணம் வைப்பார்கள். நாமும் அப்படியே செய்வோம். முதல் கிண்ணத்தில் தயிர்ப் பதத்தில் அரைத்த செங்காவி, வெள்ளை இல்லாமல். மூன்றாவது கிண்ணத்தில் அதே பதத்தில் வெள்ளை நான்கு கரண்டி, செங்காவி ஒரு கரண்டி. இவை இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்து நடுக்கிண்ணத்தை உண்டாக்குங்கள். இப்படிச் செய்தால் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கும். தனித்தனியாகக் கலந்தால் நடுநிறம் எப்போதும் அந்நியமாக நிற்கும். ஓட்டுத் துண்டில் மூன்றையும் அடுத்தடுத்துத் தடவி, ஒன்றுக்கொன்று இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் நடுக்கிண்ணம் எதிர்பார்த்ததைவிட வெளுத்திருக்கும், அதற்கு இன்னும் அரைக் கரண்டி காவி வேண்டியிருக்கும்.

நான்காவது கிண்ணம் பின்னணிக்கு. கரியோடு சுண்ணாம்பு வெள்ளையைக் கலந்தால் கிடைப்பது வெறும் சாம்பல் அன்று. செம்மையின் பக்கத்தில் வைக்கும்போது அது நீலமாகவே கண்ணுக்குத் தெரியும். நீலப் பொடி எதுவும் இல்லாமல் வானத்தைக்கூட இந்த ஒரு கலவையால் காட்டிவிடலாம். முதன்முறை இதை ஓட்டில் தடவிப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்தாவது, பழத்தின் காம்புக்கும் நுனிக்கும் மஞ்சட்காவியில் சிறிது வெள்ளை. ஆறாவது, தனி வெள்ளை. இதை மட்டும் மற்றவற்றைவிடக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தேவைக்கு இரண்டு மடங்காகக் கலப்பது நல்லது. நடுவில் தீர்ந்துபோனால், ஈரத்தில் பார்த்து அதே நிறத்தை மறுபடியும் கலப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

தீட்டும் நாள்

காற்று அடங்கிய நாளாகப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர்களில் ஆனி, ஆடிக் காற்றில் சாந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அதே நாளில் மேற்கே குழித்துறைப் பக்கம் மழை ஈரத்தில் மாலைவரை இளகி இருக்கும். எனவே மணிக்கணக்கை நம்பாமல் விரலை நம்புங்கள். பூசியபின் விரல் நுனியால் மெல்லத் தொட்டால், விரலில் சாந்து ஒட்டக்கூடாது. தொட்ட இடம் குளிர்ந்து, குழியாமல் இருக்க வேண்டும். அதுவே தொடங்கும் நேரம். துளையிட்ட தாளின் வழியே கரித்தூளைத் தட்டி உருவத்தைப் படிய வைத்து, நீர்த்த மஞ்சட்காவியால் கோட்டை இழுத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் வெள்ளையாக நிற்கப் போகிறதோ, அதாவது பழத்தின் முதுகில் ஒளி ஓடும் அந்த நீளக் கீற்றை, இப்போதே கோடிட்டுக் காலியாக விட்டுவிடுங்கள்.

முதல் சுற்றில் சாந்து தண்ணீரால் நிறைந்திருக்கும், அதிகம் உறிஞ்சாது. ஆகவே மூன்று கிண்ணங்களிலிருந்தும் எடுத்த நிறத்தை, இன்னும் நிறையத் தண்ணீர் விட்டுத் தேநீர்ப் பதத்தில் வையுங்கள். நிழல்பட்ட அடிவயிற்றில் முதல் கிண்ணம், நடுவில் இரண்டாவது, ஒளிக்கீற்றை ஒட்டி மூன்றாவது. தூரிகையிலுள்ள தண்ணீரை விரல்களுக்கிடையே பிழிந்துவிட்டு, பழத்தின் வளைவை ஒட்டி மெல்லிய இழைகளாக இழுக்க வேண்டும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் குழப்பித் தேய்க்காதீர்கள். ஒன்றின் இழைகள் மற்றொன்றின் இழைகளுக்குள் விரல் கோத்தாற்போல் நுழையட்டும். தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைக் கலந்துகொள்ளும். தேய்த்தால், அடியிலுள்ள சுண்ணாம்பு கிளம்பி நிறத்தோடு கலந்து, காய்ந்தபின் பால் படிந்ததுபோல் மங்கும். வேண்டாத வெள்ளை படத்துக்குள் நுழையும் வழி பெரும்பாலும் இதுவே.

ஒரு சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்னணிச் சாம்பலை அந்த நேரத்தில் வைக்கலாம். இரண்டாம் சுற்றில் தூரிகை வைத்த நொடியிலேயே ஈரம் உள்ளே இழுபடுவதை உணர்வீர்கள். இப்போது நிறம் சற்றுக் கெட்டியாக, மோர்ப் பதத்தில் போகலாம். மூன்றாம் சுற்று வரும்போது சாந்து நன்றாகக் குடிக்கும் நேரம் வந்திருக்கும். மொத்த வேலையிலும் மிக அருமையான நேரம் இதுதான். வைத்த கோடு வைத்தபடி நிற்கும், நிழலின் ஆழமும் காம்பின் கூர்மையும் இப்போதுதான் கைவரும். இளமையில் எனக்குச் சாந்து பூசக் கற்றுக்கொடுத்த, மட்டுப்பா (மொட்டைமாடித் தளம்) போடுவதில் கைதேர்ந்த முதிய கொத்தனார் ஒருவர், "மக்களே, சாந்து குடிக்கும்போது குடுக்கணும்; அது வாய மூடின பொறவு எதைக் குடுத்தாலும் வெளியதான் நிக்கும்" என்பார்.

தனி வெள்ளைக்கு இப்போதுதான் இடம். காலியாக விட்ட கீற்று முழுவதையும் வெள்ளையால் நிரப்பிவிடாதீர்கள். சாந்தின் சொந்த வெள்ளை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கீற்றுக்குள் ஒளி மிகக் கூடிய இரண்டு இடங்களில் மட்டும், கெட்டி வெள்ளையை ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஈரத்தில் அது போதாததுபோல் தெரியும். ஓட்டுத் துண்டைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான் பழகத் தொடங்கிய ஆண்டில், ஒரு தாமரைப் படத்துக்கு, வெளிச்சம் போனபிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு இதழ்களில் வெள்ளை வைத்துக்கொண்டே இருந்தேன். சாந்து எப்போதோ குடிப்பதை நிறுத்தியிருந்தது. ஒரு மாதம் கழித்து இதழில் விரல் பட்டபோது வெள்ளை முழுவதும் விரலோடு வந்துவிட்டது. அடியில் இருந்த சிவப்புக் கோடுகள் மட்டும் கல்லோடு கல்லாக நின்றன.

தூரிகை வழுக்காமல் இழுபட்டு, வைத்த நிறம் உடனே தூள்போல் உலர்ந்து தெரிந்தால், நேரம் முடிந்துவிட்டது. தண்ணீர் தெளித்து நேரத்தை நீட்டலாம் என்று தோன்றும். மேற்பரப்பில் தோல் கட்டியபின் தண்ணீர் தெளிப்பதால் பயன் இல்லை, மேலே வெண்படலம் படியவே அது வழிசெய்யும். பலகை பெரிதாக இருந்தால், ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கே மேற்பூச்சைப் பூசி, மிச்சத்தை ஓரமாகச் சரித்து வெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் அந்த ஓரத்தோடு புதுப்பூச்சைச் சேர்ப்பதே பழைய ஓவியர்களின் வழக்கம்.

காயும் நாள்கள்

தீட்டிய பலகையை வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைக்காமல், காற்று மெல்லப் புழங்கும் நிழலில் நிற்க வையுங்கள். முதல் இரண்டு நாள்களில் நிறங்கள் திட்டுத்திட்டாகவும் சோர்ந்தும் தெரியும். ஓர் இடம் காய்ந்தும் மற்றோர் இடம் ஈரமாகவும் இருப்பதே அதற்குக் காரணம். இரண்டு வாரத்துக்கு முன் எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம். மழைக்காலமானால் மூன்று வாரம்கூட ஆகும். சுண்ணாம்பு உள்வரை கல்லாவதற்கோ பல மாதங்கள் பிடிக்கும்.

காய்ந்தபின் விரலால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். நிறம் வராவிட்டால் வேலை நின்றுவிட்டது. எங்காவது நிழல் வெளுத்துப்போய், ஆழம் போதாமல் இருந்தால், வேப்பம் பிசின் கரைசலில் சிறிது செங்காவி குழைத்து, அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாக வைத்துத் திருத்தலாம். வெள்ளையை இப்படித் திருத்த வேண்டாம். பிசினில் குழைத்த வெள்ளை, சுதையின் வெள்ளைக்குப் பக்கத்தில் வேறு பளபளப்போடு நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஒளி குறைந்திருந்தால், சுற்றியுள்ள நடுநிறத்தைப் பிசின் நிறத்தால் சற்று அழுத்தமாக்குங்கள். விட்டுவைத்த வெள்ளை தானாக மேலே வரும்.

மிஞ்சிய கலவைகளைக் கொட்டிவிடாமல், மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி விட்டு, எந்தக் கிண்ணம், எத்தனை கரண்டி வெள்ளை என்பதை மூடியின்மேல் எழுதி வையுங்கள். ஓட்டுத் துண்டில் தடவிய தடங்களையும் கழுவாமல், அதே எண்களை இட்டுப் பலகையோடு சேர்த்து வைத்தால், அடுத்த பழத்தைத் தீட்டும்போது எந்தக் கிண்ணத்திலிருந்து தொடங்குவது என்று அந்த ஓடே சொல்லிவிடும்.